அந்தமானில் ஏறிய கொடியும் லோகநாதன் அளித்த சாட்சியமும்

ஆண்டு விழா மலர் என்றால் அதில் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பைப் பற்றிக் கட்டுரை ஒன்று இடம்பெறுதல் தமிழ்ச் சங்கங்களின் நெடுநாள் வழக்கம். அவ்வழக்கத்தை நாம் குறைகூற வரவில்லை. 1025ஆம் ஆண்டளவில் கடல் கடந்து சென்ற அம்மன்னனின் படை தாக்கிய இடங்கள் பதின்மூன்றை அவனுடைய மெய்க்கீர்த்தி நிரல்படக் கூறுகிறது. அவற்றுள் மாநக்கவாரம் என்பதும் ஒன்று. இன்றைய நிக்கோபார்த் தீவுகளே அவை என்பது வரலாற்று அறிஞர் துணிபு. நம் வீட்டுப் பிள்ளைகள் மேடையேறிக் கடாரத்தின் பெயரை முழங்கும்போது நமக்கும் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது.

ஆயினும் அதே நக்கவாரத்திலும், அதற்கு வடக்கே கிடக்கும் அந்தமானிலும், நம் பாட்டனார் காலத்திலேயே மற்றுமொரு போர் நடந்தது. அப்போரின் நடுவே, பெயரளவில் அத்தீவுகளின் தலைமை ஆணையராக அமர்ந்தவர் ஒரு தமிழர். ஆற்காடு துரைசாமி லோகநாதன் என்னும் அம்மருத்துவரின் பெயரை நம் மேடைகளில் நாம் கேட்டதில்லை. ஆகவே இம்மலரில் கடாரத்தைச் சற்றே ஒதுக்கி வைத்து, 1942 முதல் 1945 வரை அத்தீவுகளில் நிகழ்ந்தவற்றைக் கூற எண்ணினோம்.

முதலில் அத்தீவுகளின் இருப்பிடத்தை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். சென்னைக்குக் கிழக்கே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில், பர்மாவின் தென்மேற்கு முனையிலிருந்து சுமத்திராவின் வடமுனை வரை, அறுந்த மாலையின் மணிகள் போல அவை சிதறிக் கிடக்கின்றன. மலாக்கா நீரிணை வழியாக வங்கக் கடலுக்குள் வரும் எக்கப்பலும் அவற்றைக் கடந்தே வர வேண்டும். சோழனுக்கு அவை வேண்டியிருந்ததும் அதனால்தான். ஜப்பானியருக்கு வேண்டியிருந்ததும் அதனால்தான்.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சு 8ஆம் நாள் இரங்கூன் வீழ்ந்தது. இனி அந்தமானைக் காத்தல் இயலாது என்று கண்ட ஆங்கிலேயர் அங்கிருந்த படையை விலக்கிக் கொண்டனர். ஆட்சித் தலைவரும் சில அதிகாரிகளும் காவலரும் குடிமக்களுமே எஞ்சினர். மார்ச்சு 23ஆம் நாள் விடியலில் ஜப்பானியர் போர்ட்பிளேயரில் இறங்கினர். எதிர்ப்பு ஏதும் இல்லை. தீவுகள் பற்றிய போர்களில் இது ஒரு விந்தை: இத்தீவுகள் கைமாறியபோது போரே நிகழவில்லை. மூன்றரை ஆண்டு கழித்து மீண்டும் கைமாறியபோதும் போர் நிகழவில்லை. இடைப்பட்ட காலத்தில் மாண்டவர்களோ மிகப் பலர்.

அடுத்த சில நாட்களில் வங்கக் கடல் முழுவதும் ஜப்பானியர் வசமாயிற்று என்றே உலகம் எண்ணிற்று. ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பிலும், 9ஆம் நாள் திரிகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. இடையில் 6ஆம் நாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. சென்னை நகரம் அஞ்சி நடுங்கியது. அரசாங்க அலுவலகங்கள் உள்நாட்டுக்குப் பெயர்ந்தன. மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊர்களுக்கு ஓடினர்.

கடலையே காணாத நம் மலைகளுக்கும் அப்போரின் அடி விழாமற் போகவில்லை. திருவிதாங்கூருக்குத் தன் தேவைக்குப் பாதி அளவு நெல்கூட விளைந்ததில்லை. மிகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. இரங்கூன் வீழ்ந்த அன்றே அவ்வரிசி நின்றது. பங்கீட்டுக் கடைகள் தோன்றியதும், மரவள்ளிக் கிழங்கு ஏழைகளின் நாள் உணவாக நிலைத்ததும், உணவுப் பயிர் செய்வதற்கென்று உயர்மலைக் காடுகள் குத்தகைக்கு விடப்பட்டதும் அந்த நாற்பதுகளிலேயாம். இன்று இடுக்கி மாவட்டத்தில் நாம் காணும் குடியேற்றங்கள் பலவற்றுக்கு விதை அப்பஞ்சத்தில் விழுந்தது. போர் எங்கோ கடலில் நடக்கிறது என்று எவரும் வாளாவிருக்க முடியவில்லை. அது அடுப்பு வரையில் வந்தது.

இனிப் பெருங்கடற் போரின் போக்கைச் சிறிது பார்ப்போம். அதனை அறியாவிடின் அந்தமானின் துயரம் விளங்காது.

கொழும்பையும் திரிகோணமலையையும் தாக்கிய விமானந்தாங்கிக் கப்பல்கள் இரண்டே மாதத்தில் பசிபிக் கடலின் நடுவே மிட்வே தீவருகே அமெரிக்கருடன் பொருதின. 1942 ஜூனில் நடந்த அப்போரில் ஜப்பானின் பெருங் கப்பல்கள் நான்கு மூழ்கின. அவற்றுள் அக்காகி, சோரியூ, ஹிரியூ ஆகிய மூன்றும் இலங்கையைத் தாக்கிய அணியில் இருந்தவையே. ஆகஸ்டில் அமெரிக்கர் குவாடல்கனால் தீவில் இறங்கினர். ஆறு மாதம் அங்கே நடந்த போரில் ஜப்பானிய வீரர்களைத் துப்பாக்கியைவிடப் பட்டினியும் நோயுமே மிகுதியாகக் கொன்றன என்பர். 1943 நவம்பரில் தராவா என்னும் சின்னஞ்சிறு திட்டுக்காக 3 நாளில் ஏறத்தாழ 1,000 அமெரிக்கர் உயிர் துறந்தனர். ஜப்பானியப் படையோ ஏறக்குறைய முற்றும் அழிந்தது.

இவ்வாறு ஒவ்வொரு தீவாகப் பிடித்துக் கொண்டு போனால் முடிவே இராது என்று அமெரிக்கப் படைத் தலைவர்கள் உணர்ந்தனர். ஆகவே விமானத்தளம் அமைக்கத் தக்க தீவுகளை மட்டும் பிடித்து, ஏனையவற்றைத் தாண்டிச் செல்வதென்று துணிந்தனர். தாண்டப்பட்ட தீவிற்குக் கப்பல் வாராது, மருந்து வாராது, அரிசி வாராது. ரபவுல் என்னும் இடத்தில் ஏறத்தாழ 1,00,000 ஜப்பானியர் இவ்வாறு போர் முடியும் வரை அடைபட்டுக் கிடந்தனர். சிங்கப்பூரில் சிறைப்பட்ட இந்திய வீரர்கள் ஆயிரக்கணக்கானோரை ஜப்பானியர் ரபவுலுக்கும் நியூகினிக்கும் கொண்டுபோய்க் கூலி வேலை வாங்கினர். அவர்களுள் பலர் மீளவில்லை. தாண்டிச் செல்லுதல் என்னும் சூழ்ச்சியைப் போர் நூல்கள் பாராட்டுகின்றன. அதனால் பல்லாயிரம் வீரர்கள் உயிர் தப்பினர் என்பதும் மெய். ஆனால் தாண்டப்பட்ட தீவில் வாழ்ந்த குடிமக்களின் கணக்கை அந்நூல்கள் எழுதுவதில்லை.

அந்தமானும் அவ்வாறு தாண்டப்பட்ட தீவேயாம். அதனைப் பிடிப்பதற்குத் திட்டம் இல்லாமல் இல்லை. 1943 நவம்பரில் கெய்ரோவில் கூடியபோது, அந்தமான் மீது கடல்வழிப் படையெடுப்பு ஒன்று நடத்துவதாக அமெரிக்கத் தலைவர் ரூஸ்வெல்ட் சீனத் தலைவர் சியாங் கை ஷேக்கிடம் வாக்களித்தார். மௌண்ட்பேட்டன் அதனை நடத்துவதாக இருந்தது. ஆனால் வீரர்களைக் கரையில் இறக்கும் படகுகள் ஐரோப்பியப் படையெடுப்புக்குத் தேவைப்பட்டன. டிசம்பர் முதல் வாரத்தில் திட்டம் கைவிடப்பட்டது. நார்மண்டிக் கரையின் விடுதலைக்கும் போர்ட்பிளேயர் மக்களின் பட்டினிக்கும் இடையே இப்படியொரு முடிச்சு உண்டு என்பதை எண்ணும்போது வியப்பாகவே இருக்கிறது.

தீவுக்குள் அப்போது என்ன நடந்து கொண்டிருந்தது?

ஜப்பானியர் வந்த மறுநாளே கோழி பிடிக்க வீடு புகுந்த வீரர்களை நோக்கிச் சுல்பிகார் அலி என்னும் இளைஞன் காற்றுத் துப்பாக்கியால் சுட்டான். எவருக்கும் காயம் இல்லை. ஆயினும் வீடுகள் கொளுத்தப்பட்டன. அவ்விளைஞன் ஊரார் காணச் சுட்டுக் கொல்லப்பட்டான். பேர்டு என்னும் ஆங்கில அதிகாரி ஒற்றர் எனப் பொய்க் குற்றம் சாட்டப்பட்டுத் தலை வெட்டுண்டார். ஆங்கிலேயருக்கு இது நேர்ந்தது சரியே என்று எண்ணியவர்களும் தீவில் இருந்திருக்கலாம். ஆனால் ஒற்றர் என்னும் சொல் விரைவில் இந்தியர் மீதும் பாய்ந்தது. தங்கள் கப்பல்கள் நடுக்கடலில் மூழ்குவதற்கு யாரோ செய்தி அனுப்புவதே காரணம் என்று ஜப்பானியர் நம்பினர். உண்மையில் நேச நாட்டு நீர்மூழ்கிக் கப்பலில் வந்திறங்கிய சிறு குழுவொன்று காட்டில் மறைந்திருந்து செய்தி அனுப்பியது. அதனைப் பிடிக்க இயலாதவர்கள் ஊராரைப் பிடித்தனர்.

அவ்வாறு பிடிபட்டவருள் தலையாயவர் மருத்துவர் திவான்சிங். பஞ்சாபிக் கவிஞர், இந்திய சுதந்திரச் சங்கத்தின் அந்தமான் கிளைக்குத் தலைவர். 1943 அக்டோபரில் செல்லுலார் சிறையில் அடைக்கப்பட்டார். ஆங்கிலேயர் நம் விடுதலை வீரர்களை அடைத்து வைத்த அதே சிறை. வாயிற்காவலர் மட்டுமே மாறியிருந்தனர். எண்பது நாளுக்கு மேல் வதைக்கப்பட்டு 1944 ஜனவரி 14ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அதே மாதம் 30ஆம் நாள் ஹம்பிரிகஞ்சு என்னும் ஊரில் 44 இந்தியர்கள் ஒற்றர்கள் எனச் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

இவ்விரு துயர நிகழ்ச்சிகளுக்கும் சற்று முன்னர்த்தான் நாம் பெருமையுடன் நினைவுகூரும் அந்நிகழ்ச்சி நடந்தது. 1943 நவம்பரில் டோக்கியோ மாநாட்டில் ஜப்பானியப் பிரதமர் தோஜோ, அந்தமான் நிக்கோபார்த் தீவுகளைச் சுபாஷ் சந்திர போசின் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கத்திடம் ஒப்படைப்பதாக அறிவித்தார். டிசம்பர் 29ஆம் நாள் போஸ் போர்ட்பிளேயர் வந்தார். மறுநாள் ஜிம்கானா மைதானத்தில் மூவர்ணக் கொடியை ஏற்றினார். அந்தமானுக்கு ஷஹீத் என்றும் நிக்கோபாருக்கு ஸ்வராஜ் என்றும் பெயர் சூட்டப்பட்டது. செல்லுலார் சிறையையும் அவர் பார்வையிட்டார். திவான்சிங் அன்று அச்சிறைக்குள்ளேதான் இருந்தார். தலைவரைச் சுற்றி ஜப்பானிய அதிகாரிகள் அரண் போல நின்றனர். உள்ளிருந்தோர் குரல் அவரை எட்டவில்லை. அவருக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்தும் அடக்கிக் கொண்டாரா என்னும் வழக்கில் நாம் புக விரும்பவில்லை. கொடி ஏறியதும் மெய். சிறைக்குள் அலறல் இருந்ததும் மெய். ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைப்பது வரலாறு ஆகாது.

இந்நிலையில்தான் லோகநாதன் அங்கு வந்து சேர்ந்தார். 1888இல் பிறந்தவர், இந்திய மருத்துவப் படைப்பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவர், சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்டு, பின்னர் இந்திய தேசியப் படையில் சேர்ந்தவர். அப்படையில் தமிழர் தொகை பெரிது என்பதை இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிக் கொண்டிருந்தவர்கள் அவர்கள். நம் மூதாதையரை இம்மலைத் தோட்டங்களுக்கு அழைத்து வந்த அதே கங்காணி முறையே அவர்களையும் கடல் கடத்திற்று. ஒரே ஊரின் ஒரு தெரு தேவிகுளத்துக்கும் மறு தெரு பினாங்குக்கும் போன காலம் அது.

1944 பிப்ரவரியில், விரல்விட்டு எண்ணத்தக்க சில உதவியாளருடன், ஐம்பத்தைந்து வயதான அம்மருத்துவர் தலைமை ஆணையர் என்னும் பதவியை ஏற்கப் போர்ட்பிளேயரில் இறங்கினார். ஹம்பிரிகஞ்சில் குருதி சிந்தி ஒரு மாதங்கூட ஆகவில்லை. ஆட்சியை ஒப்படைக்கும் சடங்கு நடந்தது. சடங்கு முடிந்த பின் என்ன ஒப்படைக்கப்பட்டது என்று பார்த்தால், கல்வித்துறை மட்டுமே. காவல்துறையைத் தம்மிடம் தருமாறு அவர் கேட்டார். அத்துறை கைக்கு வந்தாலன்றி ஒற்றர் வழக்குகளை நிறுத்த முடியாது. அவற்றை நிறுத்த முடியாதவன் ஆள்பவன் ஆகான். ஜப்பானியக் கடற்படையினரோ போர்க்காலத்தைக் காரணம் காட்டி மறுத்தனர். காவல்துறையை விட்டுவிட்டு ஏனைய துறைகளை மட்டும் ஏற்க அவரும் மறுத்தார். பள்ளிக்கூடங்களை நடத்தினார். உடல்நலம் குன்றி அவ்வாண்டின் பிற்பகுதியில் தீவை விட்டு நீங்கினார்.

அவர் அங்கிருந்தபோதே போரின் திசை மாறிவிட்டது. 1944 ஜூன் 21ஆம் நாள் ஆங்கிலேயரின் இல்லஸ்டிரியஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து எழுந்த விமானங்கள் போர்ட்பிளேயரைத் தாக்கின. அக்டோபரில் நிக்கோபார்த் தீவுகள் தாக்கப்பட்டன. எவரும் கரையிறங்கவில்லை, கடல்வழியை மட்டும் அடைத்தனர். 1945 மார்ச்சில் அந்தமானுக்குக் கிழக்கே ஜப்பானியச் சரக்குக் கப்பல்களின் அணியொன்று அழிக்கப்பட்டது. மே மாதத்தில் ஹகுரோ என்னும் பெரும் போர்க்கப்பல், தீவுகளில் சிக்கிய படைக்கு உணவு கொண்டு சேர்க்கவும் அங்குள்ளோரை மீட்கவும் புறப்பட்டது. முதல் முறை பாதி வழியிலேயே திரும்பிற்று. மறுமுறை 16ஆம் நாள் நள்ளிரவில் பினாங்குக்கு அப்பால் ஆங்கிலேயரின் ஐந்து நாசகாரிக் கப்பல்கள் அதனைச் சூழ்ந்து கொண்டு நீர்க்குண்டுகளால் மூழ்கடித்தன. ஏறத்தாழ 900 பேர் மாண்டனர். சோழர் படை சென்ற கடாரக் கரைக்கு எதிரேதான் அக்கப்பல் மூழ்கியது.

அதன் பின்னர்த் தீவில் பசி தலைவிரித்தாடிற்று. வெளியிலிருந்து வரும் அரிசியையே நம்பிய ஊர் அது. விளைந்த சிறிதையும் படை எடுத்துக் கொண்டது. உண்ணும் வாய்களைக் குறைத்தல் வேண்டும் என்று ஜப்பானியர் முடிவு செய்தனர். 1945 ஆகஸ்டில், உழைக்க இயலாதவர் எனக் கருதிய சில நூறு பேரை, வேறு தீவில் பயிரிட அழைத்துச் செல்வதாகக் கூறிப் படகுகளில் ஏற்றினர். ஹாவ்லக் தீவருகே நள்ளிரவில் அவர்களைக் கடலுக்குள் தள்ளினர். நீந்தத் தெரியாதவர் அங்கேயே மாண்டனர். கரை சேர்ந்தவர் ஆளற்ற தீவில் உணவின்றி ஒவ்வொருவராக இறந்தனர்; பிழைத்து வந்து செய்தி கூறியவர் மிகச் சிலர். ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்து ஜப்பான் சரணடைய ஆயத்தமாகிக் கொண்டிருந்த நாட்கள் அவை. ஒரு திங்கள் பொறுத்திருந்தால் அத்தனை பேரும் வீடு திரும்பியிருப்பர். நிக்கோபாரில் மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த ஜான் ரிச்சர்ட்சன் என்னும் கிறித்தவத் தலைவர் அவ்வாறு நாட்கணக்கில் தப்பியவரே. பின்னர் அவர் நம் நாடாளுமன்றத்தின் உறுப்பினராகவும் அமர்ந்தார்.

அக்டோபரில் ஜப்பானியத் தளபதிகள் இந்தியப் படைப்பிரிவு ஒன்றின் தலைவரிடம் சரணடைந்தனர். சரணடைந்த இடம் அதே ஜிம்கானா மைதானம்.

லோகநாதன் அப்போது எங்கிருந்தார்? 1945 ஏப்ரலில் போஸ் இரங்கூனை விட்டு நீங்கியபோது, ஏறத்தாழ 6,000 வீரருடன் அந்நகரில் பின்தங்கியவர் அவர். ஜப்பானியர் போய்விட்டனர், ஆங்கிலேயர் இன்னும் வரவில்லை. 1942இல் இத்தகைய இடைவெளியிலேதான் பர்மாவில் இந்தியர்கள் கொள்ளைக்கும் கொலைக்கும் இரையாயினர். இம்முறை அது நிகழவில்லை. மே மாதத் தொடக்கத்தில் ஆங்கிலேயர் வரும் வரை நகரில் அமைதி காத்து, அதன்பின் தாமே கைதியானார். அந்தமானில் அவருக்கு மறுக்கப்பட்ட காவற்பணி இரங்கூனில் சில நாட்களுக்குக் கிட்டிற்று எனலாம்.

1945 நவம்பரில் டில்லிச் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகிய மூவர் மீதும் இராணுவ நீதிமன்ற விசாரணை தொடங்கியது. நாடே கொந்தளித்தது. அவர்களுக்காக வாதாடிய பூலாபாய் தேசாய், சுதந்திர இந்திய அரசாங்கம் வெறும் பெயரன்று. அதற்குப் படை உண்டு, சொந்த நிலம் உண்டு, ஆகவே போர் தொடுக்கும் உரிமையும் உண்டு என்று வாதித்தார். நிலம் என்று அவர் காட்டியவை பர்மாவில் ஜியாவாடி என்னும் சிறு பகுதியும், இந்த அந்தமான் நிக்கோபார்த் தீவுகளும். அதற்குச் சாட்சி சொல்ல வந்தவர் லோகநாதன்.

அவர் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். கூண்டில் நிற்பவர்கள் தம் தோழர்கள். தீவுகள் முழுமையும் தம் கையில் இருந்தன என்று ஒரு சொல் சொன்னால் வழக்கிற்கு வலிமை. வெளியே கூடியிருந்த மக்களும் அச்சொல்லையே கேட்க விரும்பினர். அவர் சொன்னது வேறு. ஒப்படைக்கும் சடங்கு நடந்தது, போர்க்காலத்தில் முழுமையாக ஒப்படைத்தல் இயலாது என்றனர், காவல்துறையைத் தரவில்லை, ஆகவே கல்வித்துறையை மட்டும் ஏற்றேன். இதுவே அவர் சாட்சியத்தின் சாரம். ஏற்றதைக் கூட்டியும் சொல்லவில்லை. சடங்கை மறுத்தும் பேசவில்லை. அச்சாட்சியத்தால் வழக்கு கெடவில்லை. மூவருக்கும் விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை 1946 ஜனவரி 3ஆம் நாள் படைத்தலைவர் ஆக்கின்லெக் தள்ளுபடி செய்தார். அதற்குக் காரணம் நீதிமன்ற வாதமன்று, தெருவில் எழுந்த மக்கள் குரல். லோகநாதன் நாடு விடுதலை பெற்றதைக் கண்டு 1949இல் காலமானார்.

2018இல் நீல், ஹாவ்லக் தீவுகளுக்கு ஷஹீத், ஸ்வராஜ் என்னும் பெயர்கள் வழங்கப்பட்டன. 2024 செப்டம்பரில் போர்ட்பிளேயர் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. விடுதலைப் போரின் வெற்றியைக் குறிக்கும் பெயர் அது என்பது அரசாங்கத்தின் விளக்கம். இராசேந்திரன் படை சென்று தாக்கிய ஸ்ரீவிஜயப் பேரரசின் பெயரும் அதுவாகவே அமைந்துவிட்டதைக் கண்டு நாம் சற்றுப் புன்னகைத்தால் தவறில்லை. தீவுகளுக்குப் பெயரிடுவோர் பலர். 1941ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அங்கு வாழ்ந்தோர் 33,768 பேர். பத்தாண்டு கழித்து, புதிதாகக் குடியேறியோரையும் சேர்த்து எண்ணியபோது, 30,971 பேரே இருந்தனர்.